புதுப்பிப்பு: மாடி பாத்ரூமில் தண்ணீர் வேகம் சரியாகிவிட்டது

பாளையங்கோட்டை வீட்டு மாடியில் புதிதாக இரண்டு பாத்ரூம் கட்டியதும் ஷவரில் தண்ணீர் நூலாக வடிகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பலித்தது, "பம்பு வாங்காதீங்க, முதல்ல டேங்க்ல இருந்து தனி லைன் இழுங்க" என்று இங்கே ஒரு அண்ணாச்சி சொன்ன யோசனைதான். பழைய முக்கால் இஞ்ச் குழாயிலேயே எல்லாவற்றையும் கோத்திருந்தார்கள். இப்போது மாடிக்கு மட்டும் ஒன்றேகால் இஞ்ச் லைன். கீழே அடுக்களையில் குழாயைத் திறந்தாலும் மேலே குறைவதில்லை.

எதிர்பாராதது ஒன்று: முதல் நாள் ஒரு பாத்ரூமில் சொட்டுக்கூட வரவில்லை. குழாயில் காற்று அடைத்திருந்தது. டேங்க்கை விட்டு லைன் இறங்கும் இடத்தில் ஏர் வென்ட் குழாய் (காற்று வெளியேற மேல்நோக்கித் திறந்திருக்கும் குழாய்) வைத்ததும் தண்ணீர் வந்துவிட்டது.

டேங்க்கின் அடிமட்டம் ஷவருக்கு 2 மீட்டர்தான் மேலே. 10 மீட்டர் உயரத்துக்குத்தான் ஏறக்குறைய 1 பார் (அழுத்தத்தின் அலகு) அழுத்தம்; இங்கே அதில் ஐந்தில் ஒரு பங்குதான். எனவே குற்றால அருவியெல்லாம் இல்லை. குளிக்கத் தாராளம்.