டவுனுக்குள் வந்தாலே ஹீட் ஏறுது, ஏசி அனல் அடிக்குது: 2008 போர்ஷே கேமேன் எஸ், உதவி வேண்டும்

பாளை கேமேன்:

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூரில் ஒருவரிடமிருந்து 2008 மாடல் கேமேன் எஸ் வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். 3.4 லிட்டர் இன்ஜின், டிப்ட்ரானிக் ஆட்டோமேட்டிக், இன்னும் கர்நாடகா நம்பர்தான். நான்குவழிச் சாலையில் ஒரு குறை சொல்ல முடியாது. கயத்தாறிலிருந்து நாங்குநேரி வரைக்கும் நல்ல வேகத்தில் வந்தாலும் டெம்பரேச்சர் முள் 80-ஐ ஒட்டியே நிற்கும், ஏசியும் ஜில்லென்று இருக்கும். நெல்லை வண்ணாரப்பேட்டையில் இறங்கி ஈரடுக்கு மேம்பாலம் பக்கம் நெரிசலில் மாட்டினால்தான் வம்பு ஆரம்பிக்கிறது. முதலில் ஏசியின் குளிர் குறையும், அப்புறம் வெறும் அனல் காற்றுதான் வரும், கொஞ்ச நேரத்தில் முள்ளும் மெல்ல மேலே நகரும். ஏசியை அணைத்துவிட்டு வண்டி ஓட ஆரம்பித்தால் தானாக இறங்கிவிடுகிறது.

கூலன்டும் குறைகிறது. பின்பக்க டிக்கியில் கார்ப்பெட்டின் ஒரு மூலை ஈரமாக இருக்கிறது, கிட்டப் போனால் தித்திப்பாக ஒரு வாடை. இங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு "ஹெட் கேஸ்கெட் போயிருக்கு, இன்ஜினை இறக்கணும்" என்றார்கள் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடிக்கும் நடுவில் கசியாமல் அடைக்கிற தகடு). சொன்ன தொகையைக் கேட்டு வீட்டில் இரண்டு நாளாகப் பேச்சே இல்லை. கொச்சிக்கு ரெக்கவரி வண்டியில் ஏற்றி அனுப்பலாமா, அதற்கு முன்னால் நானே பார்க்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள் அண்ணாச்சி.

தச்சநல்லூர் ஏசி மெக்கானிக்:

தம்பி, இன்ஜினை யாரும் தொட வேண்டாம், கொஞ்சம் பொறுங்க. ஓடும்போது சரியாக இருந்து நிற்கும்போது மட்டும் ஹீட் ஏறுகிறது என்றால் முதல் சந்தேகம் காற்றின் மேல்தான் வரணும். ஓடுகிற வண்டிக்கு எதிர்க்காற்று கிடைக்கும், நிற்கிற வண்டிக்கு ஃபேன்தான் காற்று. அதிலும் உங்களுக்கு ஏசி முதலில் போகிறது, முள் அப்புறம்தான் ஏறுகிறது. கேஸ்கெட் போன வண்டி இந்த வரிசையில் படுத்தாது, நான்குவழிச் சாலையில் வேகமாகப் போகும்போதே காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தக் காரில் இன்ஜின் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தாலும் ரேடியேட்டர் முன்னால்தான் இருக்கிறது. முன் பம்பரில் இடமும் வலமுமாக இரண்டு பெரிய வாய் தெரிகிறதே, அதற்குள் ஆளுக்கொரு ரேடியேட்டர், அதற்கு முன்னால் ஏசி கேஸின் சூட்டை ஆற்றுகிற கண்டென்சர், பின்னால் ஃபேன். இந்த ஃபேன்களுக்கு இரண்டு வேகம் உண்டு. ஏசி போட்டதுமே குறைந்த வேகத்தில் ஓட ஆரம்பிக்கணும். குறைந்த வேகத்துக்கான கரண்ட், அதைக் குறைத்துக் கொடுக்கிற ஒரு ரெசிஸ்டர் வழியாகப் போகிறது. அந்த ரெசிஸ்டர் பம்பருக்குள் மண்ணிலும் மழையிலும் கிடந்து துருப்பிடித்து அறுந்துபோவது இந்த மாடலில் சாதாரணமாக நடப்பது. அது போனால் குறைந்த வேகம் கிடையாது. இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு முழு வேகம் மட்டும் வேலை செய்யும். அதற்குள் ஏசி கேஸ் அழுத்தம் எகிறி கம்ப்ரசர் கட் ஆகிவிடும். நீங்கள் சொல்கிற அனல் காற்று அதுதான்.

காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி ஏசியை முழுசாக வைத்துவிட்டு இறங்கி வந்து, இரண்டு பக்க வாயிலும் காதை வைத்துக் கேளுங்க. சத்தம் வருகிறதா இல்லையா, அதை மட்டும் எழுதுங்க. கையை உள்ளே விட வேண்டாம், ஃபேன் எப்போது வேண்டுமானாலும் சுற்றும்.

அம்பை டிராவல்ஸ்:

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஓட்டுங்க தம்பி. எங்கள் அம்பாசடர், டாட்டா சுமோ எல்லாவற்றிலும் அப்படித்தான் செய்தோம். பாபநாசம் மலை ஏறினாலும் ஹீட் ஆனதில்லை.

தச்சநல்லூர் ஏசி மெக்கானிக்:

அண்ணாச்சி, அந்த வண்டிகளுக்கு அது சரி. இதில் செய்யக்கூடாது. தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் சூடேறும் வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கிற வால்வு. அது இல்லாவிட்டால் இன்ஜின் உரிய சூட்டுக்கு வராது, கம்ப்யூட்டர் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்துப் பெட்ரோலைக் கூட்டி அடிக்கும், அந்தப் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயிலைக் கழுவிக்கொண்டு போகும். இந்த 3.4 இன்ஜினில் ஏற்கெனவே சிலிண்டர் சுவரில் கீறல் விழுகிற பிரச்சினை உலகம் முழுக்கப் பேசப்படுவது. அதை நாமே கூப்பிட்டு உட்கார வைக்கக்கூடாது.

ஷார்ஜா நெல்லைக்காரன்:

என்னிடமும் இதே தலைமுறை வண்டி இருக்கிறது, இங்கே பாலைவன வெயிலில்தான் ஓடுகிறது. ஃபேன் பற்றி மேலே சொன்னது முழுக்கச் சரி. நான் கூலன்ட் குறைவதைப் பற்றிச் சொல்கிறேன், அது தனி நோய்.

டிக்கிக் கார்ப்பெட் ஈரமாகித் தித்திப்பு வாடை வந்தால், டிக்கியில் மூடி தெரிகிறதே, அந்த கூலன்ட் டேங்க் விரிசல் விட்டிருக்கும். பிளாஸ்டிக் டேங்க், வயதானால் ஒட்டுக் கோட்டில் மயிரிழை விரிசல் விழும், சூடேறி அழுத்தம் வந்தால் மட்டும் கசியும். அதனால் காலையில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. டேங்கை மாற்றும்போது மூடியையும் புதிதாக வாங்கிவிடுங்கள், பழைய மூடி அழுத்தத்தைப் பிடிக்காது. அடுத்தது வாட்டர் பம்ப்: வண்டியைத் தூக்கி நிறுத்தி இன்ஜினின் முன்பக்கம் கீழிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள், பம்ப்பைச் சுற்றிக் காய்ந்த உப்புத் தடம் மாதிரி இருந்தால் அதுவும் போகிற நிலைமை.

கேஸ்கெட் சந்தேகத்தைத் தீர்க்க இன்ஜினை இறக்க வேண்டியதே இல்லை. டேங்க் வாயில் வைத்துச் சோதிக்கிற நீல நிறத் திரவம் ஒன்று உண்டு, எரிந்த புகை கூலன்டில் கலந்திருந்தால் அது மஞ்சளாக மாறும். சில நிமிட வேலை. அதைக்கூடச் செய்யாமல் இன்ஜினை இறக்கச் சொல்பவரிடம் இந்த வண்டியை விடாதீர்கள்.

இன்னொன்று, கடையில் கிடைக்கிற பச்சை கூலன்டை ஊற்றி மேலே நிரப்பாதீர்கள். பழையதோடு கலந்து கூழாகிவிட்டால் முன்னாலிருந்து பின்னால் வரை போகிற குழாய் முழுவதும் வினைதான். மொத்தக் கூலன்ட் அளவும் அதிகம். அவசரத்துக்கு டிஸ்டில்டு வாட்டர் போதும்.

பாளை கேமேன்:

பார்த்துவிட்டேன். ஏசி போட்டு இரண்டு பக்கமும் காது வைத்தேன், சத்தமே இல்லை. அப்படியே ஓடவிட்டு நின்றேன். முள் 80-ஐத் தாண்டி நன்றாக நகர்ந்த பிறகு இரண்டு ஃபேனும் ஒரே நேரத்தில் பெரும் இரைச்சலோடு ஓட ஆரம்பித்தன. நீலத் திரவச் சோதனையும் நாகர்கோவிலில் ஒருவரிடம் செய்தாயிற்று, நிறம் மாறவில்லை.

தச்சநல்லூர் ஏசி மெக்கானிக்:

அப்போ மோட்டார் நல்லா இருக்கு, முழு வேக ரிலேயும் நல்லா இருக்கு. ஃபியூஸையும் குறைந்த வேக ரிலேயையும் ஒரு தடவை பார்த்துவிட்டு ரெசிஸ்டருக்குப் போங்க. எப்படியும் பம்பரைக் கழற்றணும். கழற்றின கையோடு கண்டென்சரின் ஸ்க்ரூவை மட்டும் எடுத்து, கேஸ் பைப்பை அவிழ்க்காமல் பைய முன்னால் சாய்த்து, அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் என்ன இருக்கு என்று பாருங்க. வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியாது. பிரஷர் வாட்டர் அடிக்கக்கூடாது, ஃபின் என்கிற மெல்லிய தகடெல்லாம் மடங்கிவிடும். வீட்டுக் குழாய்த் தண்ணீர் போதும், பின்பக்கமிருந்து முன்னால் தள்ளுகிற மாதிரி விடுங்க.

பாளை கேமேன்:

அண்ணாச்சி, பம்பரை எடுத்தாயிற்று. உள்ளே இருந்ததை எழுதியே ஆகணும். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் வேப்பஞ்சருகு, இலவம்பஞ்சு, ஒரு பால் பாக்கெட் துண்டு, அதற்கு மேல் ஈசல் இறக்கை மண்ணோடு ஒட்டி அடை மாதிரி படிந்திருந்தது. விரலால் தள்ளியும் வரவில்லை, நனைத்து ஊறவிட்டுத்தான் உரிக்க முடிந்தது. வலப்பக்கக் கண்டென்சரின் கீழ் மூலையில் சருகு ஈரமாகவே கிடந்து ஃபின் வெள்ளைப் பொடியாக உதிர்கிறது. இரண்டு ரெசிஸ்டரும் அறுந்துதான் இருந்தன, மீட்டர் வைத்தால் ஒன்றிலும் இணைப்பு காட்டவில்லை. டேங்கில் பின்பக்க ஒட்டில் விரிசல் இருந்தது, ஷார்ஜா அண்ணன் சொன்ன இடமேதான். பம்ப் காய்ந்து சுத்தமாக இருக்கிறது.

ரெசிஸ்டர் இரண்டு, டேங்க், மூடி எல்லாம் மாற்றி, வேக்குவம் கருவி வைத்துக் காற்றை உறிஞ்சிய பிறகு கூலன்ட் நிரப்பினோம். நேற்று மத்தியானம் வெயிலில் ஜங்ஷன், டவுன் ரத வீதி என்று வேண்டுமென்றே நெரிசலுக்குள் சுற்றினேன். முள் அசையவில்லை, ஏசியின் குளிரும் குறையவில்லை. இன்ஜினை இறக்கியிருந்தால் செலவு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி.

வள்ளியூர் ஆர்சி ஏஜென்ட்:

இடையில் ஒன்று கேட்கிறேன். கர்நாடகா நம்பர் என்றீர்களே, இங்கே கொண்டுவந்து 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்றியாகணும், மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆம் பிரிவு. அங்கிருந்து படிவம் 28-இல் என்ஓசி (ஆட்சேபனை இல்லாச் சான்று) வாங்குங்கள், லோன் இருந்திருந்தால் படிவம் 35-உம் வேண்டும். 2008 வண்டிக்கு 2023-இல் 15 வருடம் முடிந்திருக்கும். பழைய ஓனர் ஆர்சியைப் புதுப்பித்தாரா என்று முதலில் பாருங்கள். அது இல்லாமல் ஆர்டிஓ ஆபீஸில் ஒரு வேலையும் நகராது.

பாளை கேமேன்:

புதுப்பித்திருக்கிறார், 2028 வரை இருக்கிறது. என்ஓசிக்கு இந்த வாரமே எழுதுகிறேன். மெக்கானிக் அண்ணாச்சி, சிலிண்டர் கீறல் என்று சொன்னீர்களே, இவ்வளவு நாள் ஹீட் ஏறியதில் அது வந்திருக்குமா? எப்படிப் பார்ப்பது?

தச்சநல்லூர் ஏசி மெக்கானிக்:

முள் சிவப்புக்குப் போகாதவரை ரொம்பப் பயப்பட வேண்டாம். ஆனாலும் பார்த்துவிடுங்க. ஸ்பார்க் பிளக் மாற்றும்போது அந்த ஓட்டை வழியாகச் சின்ன கேமராவை விட்டு ஆறு சிலிண்டரையும் பார்க்கச் சொல்லுங்க. வழக்கமாக 4, 5, 6 இருக்கிற பக்கத்தில்தான் முதலில் தெரியும். சுவரில் மேலும் கீழுமாக நீளக் கோடு இல்லாவிட்டால் நிம்மதியாக ஓட்டலாம். அதுவரை ஆயில் எவ்வளவு குடிக்கிறது என்று குறித்து வையுங்க, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணின உடனே முறுக்காதீங்க. மழைக்காலம் முடிந்து ஈசல் ஓய்ந்ததும் பம்பரைத் திரும்பக் கழற்றிச் சுத்தம் பண்ணுங்க, அந்த வலப்பக்கக் கண்டென்சரையும் அப்போதே மாற்றிவிடலாம், அது ரொம்ப நாள் தாங்காது.