நறுக்கின புல்லுல தைலம் குறையுதே, ஏன்?

உச்சிப்புளி தோட்டம்:
ஆவி விட்டுத் தைலம் எடுக்கிற டிரம்முல 50 கிலோ பச்சை எலுமிச்சைப்புல் பிடிக்குது. முந்தின நாளே ஒரு அங்குலமா நறுக்கி, தார்ப்பாயில குவிச்சு மூடி, காலையில ஏத்துறோம். 130 மில்லிதான் வருது. துளசியையும் அப்படியே நறுக்கினோம், அது இன்னும் மோசம். தப்பு இலையிலயா, டிரம்முலயா?

புல்தைலம்:
தம்பி, தப்பு தார்ப்பாயில இருக்கு. 50 கிலோவுக்கு 200 முதல் 300 மில்லி வரணும். இந்தப் புல்லுல எண்ணெய் இலைக்குள்ள சின்னச் சின்ன அறைகள்ல இருக்கு. நறுக்கினா அறை திறந்து ஆவிக்கு வழி கிடைக்கும், சரி. ஆனா நறுக்கின நிமிஷத்துல இருந்தே வாசனை காத்துல போகுது. ராத்திரி கடல்காத்து ஈரத்துல குவியல் உள்ளே சூடாகிப் புழுங்கவும் செய்யும். அதனால முழுப்புல்லா அரையடிக்கு மேல போகாம நிழல்ல பரப்பி ஒரு நாள் வாட விடுங்க. வெயில் வேண்டாம். ஏத்துறதுக்குச் சற்று முன்னாடி மூணு நாலு அங்குலமா நறுக்குங்க. ஒரு அங்குலம்னா அடியில அப்பிக்கும். ஆவி நடுவுல ஒரு ஓட்டை போட்டு மேல ஓடிடும், சுத்தியிருக்கிற புல் சும்மா வெந்துகிட்டிருக்கும். ஓரத்தை நல்லா மிதிச்சு அமுக்குங்க.

இன்னொண்ணு, டிரம் இரும்பா? புல்தைலத்துக்கு எலுமிச்சை வாசனை தர்ற சிட்ரால் இரும்புல பட்டா எண்ணெய் நிறம் மாறும். எவர்சில்வர்தான் நல்லது.

பச்சிலை:
துளசிக்கு அரிவாளே வேண்டாம்ணே. அதுல எண்ணெய் இலை மேல சுரப்பி ரோமத்துல இருக்கு, விரல் பட்டாலே உடையும். கை மணக்குதுன்னா அவ்வளவு எண்ணெய் கையிலயே போச்சு. தடித்த தண்டைக் கழிச்சு, பூங்கதிரோட முழுசா தளர்வா ஏத்துங்க. யூஜினால் (கிராம்பு வாசனை தர்ற பொருள்) கூடின எண்ணெய் கிட்டத்தட்ட தண்ணி எடைதான். ஆவி குளிர்ந்து வர்ற தண்ணியில சட்டுனு மிதக்காது, பால் மாதிரி கலங்கி நிக்கும். அந்தத் தண்ணியைக் கொட்டாம அடுத்த தடவை டிரம்முக்கே திருப்பி விடுங்க.

உச்சிப்புளி தோட்டம்:
டிரம் இரும்புதான். வாட விட்டா 50 கிலோ 35 ஆகிடுமே, கணக்கை எப்படி வைக்கிறது?

புல்தைலம்:
அறுத்த எடையிலயே வைங்க. வாடின எடையில வகுத்தா சதவீதம் ஏறின மாதிரி தெரியும், எண்ணெய் அதே அளவுதான். லாபம் வேற இடத்துல: அதே டிரம்முல கூடுதல் புல் பிடிக்கும், விறகு மிச்சம். கிணத்துத் தண்ணி உப்புன்னா ஆவி அடுப்புல படிவு கட்டும், அதையும் பாத்துக்கங்க.