மூத்த படைத்துறைக் கல்லூரிகளுக்குச் சிவில் அதிகாரிகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி? வரைவு விதிகள் குறித்து ஆலோசனை வேண்டும்

கேள்வி: பணியமைப்புப் பிரிவு அலுவலர்

அனைவருக்கும் வணக்கம். பாதுகாப்புத் துறையின் சிவில் பணியாளர் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று மூத்த சிவில் அதிகாரிகளை, கர்னல், பிரிகேடியர் நிலையிலுள்ள படை அதிகாரிகளோடு சேர்ந்து ஏறத்தாழ ஓராண்டு படிக்கும் உயர்நிலைப் படைத்துறைக் கல்லூரிக்கு அனுப்பும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைக்கிறது. இதற்கென்று எழுதப்பட்ட விதி எதுவும் இதுவரை இல்லை. சுற்றறிக்கை போகும், பிரிவுத் தலைவர்கள் பெயர்களை அனுப்புவார்கள், பணிமூப்பு வரிசையில் மேலே இருப்பவருக்கு இடம் கிடைக்கும். கடந்த முறை சென்ற இருவரில் ஒருவர் திரும்பி வந்த நான்காம் மாதம் ஓய்வு பெற்றுவிட்டார். மற்றவர், தாம் விட்டுச் சென்ற அதே நாற்காலிக்கு, விடுப்புக் கணக்குகளைச் சரிபார்க்கும் வேலைக்கே திரும்பினார். தணிக்கையில் இது குறிப்பாக எழுந்த பிறகு, விதிகளை வரையும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

என் முதல் வரைவில் நூறு மதிப்பெண்கள் வைத்திருக்கிறேன்: பணிமூப்புக்கு 40, கடைசி ஐந்து ஆண்டுகளின் பணி மதிப்பீட்டு அறிக்கைகளுக்கு 30, நேர்காணலுக்கு 20, விண்ணப்பதாரர் எழுதித் தரும் கட்டுரைக்கு 10. இந்தப் பங்கீடு சரியா? ஓய்வுக்கு எத்தனை ஆண்டுகள் மீதம் இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிப்பது? தேர்வுக் குழுக்களில் இருந்தவர்களோ, இத்தகைய கல்லூரிகளில் படித்தவர்களோ வழிகாட்டினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: பழைய மாணவர்

மதிப்பெண் பங்கீட்டை அப்புறம் பார்க்கலாம். படித்துவிட்டு வருபவரை எந்த இருக்கையில் அமர்த்தப் போகிறீர்கள் என்ற கேள்விக்கு உங்கள் வரைவில் இடமே இல்லை. விடுப்புக் கணக்குக்குத் திரும்பிய அந்த அதிகாரி தவறாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று நீங்கள் கருதுவதாகத் தெரிகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் மிகத் தகுதியானவராகவே இருந்திருக்கலாம். அவருக்கான பணியிடத்தை யாரும் முன்கூட்டியே யோசிக்கவில்லை, அவ்வளவுதான். ஆகவே, அடுத்த மூன்று ஆண்டுகளில் படைத்துறையின் சிந்தனை முறையை அறிந்த சிவில் அதிகாரி தேவைப்படும் பதவிகள் எவை என்று முதலில் பட்டியலிடுங்கள். அதன் பிறகு அந்தப் பதவிகளுக்கு ஏற்ற ஆளைத் தேடுங்கள். வரிசையை இப்படித் திருப்பிப் போட்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

அடுத்தது, எந்தக் கல்லூரி என்பது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இவையெல்லாம் ஒன்றுபோலத் தெரியும். வாஷிங்டனில் ஒரே வளாகத்தில் இருக்கும் இரண்டு கல்லூரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1946இல் தொடங்கப்பட்ட தேசியப் போர்க் கல்லூரி, நாட்டின் பாதுகாப்பு உத்தியை வகுப்பதையே மையமாகக் கொண்டது. அதன் பக்கத்திலிருக்கும் ஐசனாவர் பள்ளியின் வேர் 1924இல் நிறுவப்பட்ட இராணுவத் தொழில் கல்லூரியில் இருக்கிறது. முதல் உலகப் போரில் தொழிற்சாலைகளைப் போருக்காகத் திரட்டுவதில் அமெரிக்கா பட்ட பாட்டின் விளைவாகப் பிறந்த கல்லூரி அது. இன்றும் அங்கே வளங்களும் தொழில்துறையும்தான் முக்கியப் பாடம். கொள்முதல் பிரிவில் இருபது ஆண்டுகள் இருந்த ஒருவரை முதலாவதற்கும், கொள்கைப் பிரிவில் வளர்ந்தவரை இரண்டாவதற்கும் அனுப்பிவிட்டு, ‘கல்லூரியால் பயனில்லை’ என்று கோப்பில் எழுதும் துறைகளை நான் பார்த்திருக்கிறேன்.

வகுப்பறை எப்படி இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் தேர்வு அளவுகோல் அங்கிருந்துதான் வர வேண்டும். விரிவுரைகள் உண்டு, ஆனாலும் உண்மையான படிப்பு, பன்னிரண்டு முதல் பதினாறு பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து வாதிடும் கருத்தரங்கில்தான் நடக்கிறது. அங்கே சிவில் அதிகாரி ஒரு மாணவர் மட்டுமல்லர். தம் துறையின் அனுபவத்தைப் பிறருக்குக் கற்பிக்க வேண்டியவரும் அவரே. நிதி ஒதுக்கீடு உண்மையில் எப்படி முடிவாகிறது, நாடாளுமன்றக் குழுவின் முன் எதைச் சொல்ல முடியும் என்பதையெல்லாம் அந்த மேசையில் வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். என் குழுவில் இருந்த ஒரு சிவில் அதிகாரி, எந்தத் தலைப்பு வந்தாலும் ‘இது எங்கள் பிரிவின் வரம்புக்குள் வராது’ என்றே ஆண்டு முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய மதிப்பீட்டு அறிக்கைகள் மிகச் சிறப்பானவை என்று பின்னர் அறிந்தேன்.

சிவில் அதிகாரிகள் இந்தக் கல்லூரிகளில் விருந்தாளிகள் என்ற எண்ணம் சிலருக்கு இருக்கிறது. அது தவறு. லண்டனில் 1927இல் தொடங்கிய இம்பீரியல் பாதுகாப்புக் கல்லூரி, அதாவது இன்றைய ராயல் பாதுகாப்பு ஆய்வுக் கல்லூரி, முப்படை அதிகாரிகளையும் சிவில் அதிகாரிகளையும் ஒன்றாக அமர்த்துவதற்காகவே உருவானது. 1960இல் புது தில்லியில் அமைந்த தேசியப் பாதுகாப்புக் கல்லூரியின் 47 வாரப் படிப்பிலும் குடிமைப் பணி அதிகாரிகளுக்கு இடமுண்டு. அமெரிக்கத் தேசியப் போர்க் கல்லூரியில் முதல் ஆண்டிலேயே வெளியுறவுப் பாடங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஜார்ஜ் கென்னன் என்ற தூதரக அதிகாரி. 1947இல் அவர் அங்கிருந்து வெளியுறவுத் துறையின் கொள்கைத் திட்டக் குழுவின் தலைமைக்கே சென்றார். கற்பிக்கப் போனவரின் கதைதான் இது என்றாலும், அந்த ஓராண்டுக்குப் பின் அவர் எங்கே அமர்த்தப்பட்டார் என்பதைக் கவனியுங்கள்.

பதில் 2: தேர்வுக் குழுவில் இருந்தவர்

மேலே சொன்னவரோடு முழுமையாக உடன்படுகிறேன். எனினும் அவர் தொடாத ஒரு நோயைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிரிவுத் தலைவர்கள் தங்கள் சிறந்த அதிகாரியின் பெயரை அனுப்ப மாட்டார்கள். ஓராண்டு அவர் இல்லாமல் வேலை ஓடாது என்பது உண்மையான காரணம். கோப்பில் எழுதும் காரணம் ‘நிர்வாக நலன்’ என்று இருக்கும். ஆகவே இல்லாவிட்டாலும் பாதகமில்லை என்று கருதப்படுபவர்களின் பெயர்களே குழுவின் முன் வந்து சேரும். அந்தப் பெயர்களுக்குள் நூறு மதிப்பெண் போட்டு எவ்வளவு நேர்மையாகத் தேர்ந்தெடுத்தாலும் பயன் என்ன?

இதற்கு நாங்கள் இரண்டு வழிகளைக் கையாண்டோம். தகுதியுள்ள அதிகாரி தலைவரின் பரிந்துரைக்குக் காத்திராமல் தாமே விண்ணப்பிக்கலாம் என்றும், தலைவர் அதைத் தடுக்க விரும்பினால் காரணத்தை எழுத்தில் துறைச் செயலருக்கு அனுப்ப வேண்டும் என்றும் விதி செய்தோம். அந்த ஆண்டே தடுப்புகள் வெகுவாகக் குறைந்தன. மற்றொன்று, படிக்கச் செல்பவரின் பணியிடத்தை அந்த ஓராண்டுக்கு நிரப்பத் தனி இருப்புப் பணியிடம் ஒன்றை ஒதுக்கியது. பதிலாள் கிடைப்பார் என்று தெரிந்தவுடன் தலைவர்களின் மனம் இளகியது. இதற்கு நிதித் துறையின் இசைவைப் பெறுவது கடினம். அதற்காகவே ஆறு மாதங்கள் முன்னதாகத் தொடங்குங்கள்.

உங்கள் மதிப்பெண் பட்டியலில் அறிக்கைகளுக்கு 30 என்பது ஏட்டில் மட்டுமே இருக்கும். எல்லோருக்கும் ‘மிகச் சிறப்பு’ என்றே எழுதப்படும் அமைப்பில், அந்த முப்பதும் எல்லோருக்கும் அப்படியே கிடைத்துவிடும். மீதி எழுபதில் பணிமூப்பு நாற்பது என்றால், நீங்கள் பழைய முறையையே புதிய உறையில் போட்டிருக்கிறீர்கள். அறிக்கைகளைத் தகுதி வரம்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரைக்கும் நேர்காணலுக்கும் எடையைக் கூட்டுங்கள். கட்டுரையின் தலைப்பு ‘நான் ஏன் செல்ல விரும்புகிறேன்’ என்று இருந்தால் எல்லோரும் ஒரே கட்டுரையைத்தான் எழுதுவார்கள். உங்கள் துறையும் படைகளும் ஒரே விஷயத்தில் மாறுபட்ட முடிவை எடுத்த ஒரு நிகழ்வைச் சொல்லி, இரு தரப்பு வாதத்தையும் எழுதச் சொல்லுங்கள். தம் தரப்பை மட்டுமே வலுவாக எழுதத் தெரிந்தவர் யார் என்பது இரண்டு பக்கங்களில் தெரிந்துவிடும். தேர்வுக் குழுவில் அமரும் ஐவரில் ஒருவராவது அந்தக் கல்லூரியில் படித்தவராக இருக்கட்டும்.

பதில் 3: இளநிலை அதிகாரி

பணிமூப்பை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அது சிறந்த அளவுகோல் அன்று என்பது எனக்கும் தெரியும். ஆனால் அதில் யாரும் விரல் வைத்துத் திருத்த முடியாது. நேர்காணல் மதிப்பெண்ணை எப்படியும் திருத்தலாம். செயலருக்கு நெருக்கமானவர் செல்கிறார் என்ற பேச்சு ஒருமுறை எழுந்துவிட்டால், தகுதியுள்ளவர்கள் விண்ணப்பிப்பதையே நிறுத்திவிடுவார்கள். ஆகவே நேர்காணலின் கேள்விகள் எல்லோருக்கும் ஒன்றாகவும், ஒவ்வொரு உறுப்பினரும் தனித்தனியே மதிப்பெண் இட்டுக் கையெழுத்திட்ட பின்னரே கலந்து பேசுவதாகவும் விதியில் இருக்க வேண்டும். தேர்வாகாதவர்களுக்குக் காரணத்தை எழுதித் தருவதும் அவசியம்.

மற்றொரு செய்தி. ஓராண்டு குடும்பத்தை விட்டு வேறோர் ஊரில் தங்க முடியாதவர்கள், குறிப்பாகச் சிறு குழந்தைகளோ முதிய பெற்றோரோ உள்ள பெண் அதிகாரிகள், விண்ணப்பமே போடுவதில்லை. கார்லைலில் உள்ள அமெரிக்க இராணுவப் போர்க் கல்லூரி, வளாகப் படிப்போடு இரண்டாண்டுத் தொலைநிலைப் படிப்பையும் நடத்துகிறது. சிவில் ஊழியர்களும் அதில் படிக்கிறார்கள். இப்படி ஒரு வழி இருக்குமானால் அதையும் சுற்றறிக்கையிலேயே குறிப்பிடுங்கள். முழுநேர வேலையோடு இரண்டாண்டு படிப்பது இலேசான காரியம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

பதில் 4: படைத்துறைப் பயிற்றுநர்

கல்லூரியின் பக்கத்திலிருந்து சில வார்த்தைகள். சிவில் அதிகாரியின் நிலை, உடன் படிக்கும் படை அதிகாரிகளின் நிலைக்கு இணையாக இருக்க வேண்டும். அமெரிக்கப் போர்க் கல்லூரிகளில் லெப்டினன்ட் கர்னல், கர்னல் நிலையினரோடு பொதுப் பணி வரிசை எனப்படும் ஊதிய அட்டவணையின் 14, 15ஆம் நிலை சிவில் ஊழியர்கள் அமர்கிறார்கள். தில்லியில் பிரிகேடியர்களோடு இணைச் செயலர் நிலையினர். ஒரு படி கீழே இருப்பவரை அனுப்பினால், எவ்வளவு அறிவாளியானாலும் கருத்தரங்கில் தயங்கித் தயங்கிப் பேசுவார். இரண்டு படி மேலே இருப்பவரோ கேட்கவே மாட்டார். பின்னது இன்னும் மோசம்.

இரகசிய ஆவணங்களைப் பார்ப்பதற்கான பாதுகாப்பு அனுமதியைத் தேர்வுக்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். வகுப்பு தொடங்கிய பின்னும் அனுமதி வராமல், குறிப்பிட்ட அமர்வுகளின்போது நூலகத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரிகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஓய்வுக் காலம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, அரசுச் செலவில் நீண்ட பயிற்சி பெறும் ஊழியர், பயிற்சிக் காலத்தைப் போலக் குறைந்தது மூன்று மடங்கு காலம் பணியில் தொடர ஒப்புக்கொள்ள வேண்டும். கணக்கு போடுவதற்கு அது நல்ல அளவுகோல். பத்து மாதப் படிப்புக்கு முப்பது மாதங்கள் ஆகிறது. ஒரு பதவியில் கற்றதைப் பயன்படுத்திப் பார்க்க அதற்குக் குறைந்த காலம் போதாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஐந்து ஆண்டுகள் மீதமிருக்க வேண்டும் என்று எழுதுவேன். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் புதிய பணியிடத்துக்கு இடம்பெயர மறுத்தால் என்ன செய்வது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. வரைவைத் திருத்தியிருக்கிறேன். படித்து வருபவர் அமரவேண்டிய பதவிகளின் பட்டியல் இப்போது முதல் பிரிவாக வந்துவிட்டது. மதிப்பெண் அட்டவணை பின்னிணைப்புக்குப் போய்விட்டது. அறிக்கைகளும் பாதுகாப்பு அனுமதியும் தகுதி வரம்புகள். கட்டுரைக்கு 45, நேர்காணலுக்கு 45. பணிமூப்பை 10ஆகக் குறைத்து, சமநிலை ஏற்படும்போது அதுவே முடிவு செய்யும் என்று எழுதியிருக்கிறேன். இளநிலை அதிகாரி சொன்னபடி மதிப்பெண் இடும் முறையும், காரணம் எழுதித் தருவதும் சேர்ந்துவிட்டன. இருப்புப் பணியிடத்தை மட்டும் என் மேலதிகாரி நீக்கிவிட்டார். நிதித் துறை ஒப்பாது என்கிறார்.

பதில் 2 எழுதியவர்

நீக்க விடாதீர்கள். தணிக்கைக் குறிப்பை முன்வைத்துக் கேளுங்கள்: ஓராண்டுச் சம்பளமும் படிப்புச் செலவும் கொடுத்து அனுப்பிய இருவரால் துறைக்குப் பயன் கிடைக்கவில்லை என்பது அதிலேயே இருக்கிறது. அந்தத் தொகையையும் ஒரு பதிலாளின் ஓராண்டுச் சம்பளத்தையும் ஒரே பக்கத்தில் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளில் காட்டி அனுப்புங்கள். எங்கள் கோப்பு மூன்றாவது முறை அப்படிப் போனபோதுதான் இசைவு வந்தது.