சிமுலேஷன், எமுலேஷன்: இரண்டுக்கும் ஒரே சொல்லா?

> இரண்டையும் 'உருவகப்படுத்தல்' என்றே விட்டுவிடலாம். ஆய்வகக் கையேட்டில் புதுச்சொல் வேண்டாம்.

ஐயா, கையேட்டுக்குத்தான் இரண்டு சொல் கட்டாயம் வேண்டும். நம் மாணவர்கள் உணரி வலையமைப்புக்குப் பயன்படுத்தும் கூஜா என்ற ஒரே மென்பொருளுக்குள் இரண்டு வேலையும் நடக்கிறது. கணு (வலையமைப்பில் உள்ள ஓர் உணரிக் கருவி) சேர்க்கும்போது 'கூஜா மோட்' என்ற வகையை எடுத்தால் நிரல் நம் கணினிக்கே கம்பைல் ஆகி ஓடும். 'ஸ்கை மோட்' எடுத்தால் டெலோஸ்பி என்ற உண்மையான உணரிப் பலகையில் ஏற்றுகிற அதே பைனரி, அதன் எம்எஸ்பி430 சில்லின் கட்டளை கட்டளையாக ஓடும்.

விளைவு வேறு. சி மொழியில் முழு எண்ணுக்கான 'இன்ட்' வகை முதலாவதில் 32 பிட், இரண்டாவதில் 16 பிட். மில்லிநொடியை அதில் எண்ணினால் கூஜா மோட்டில் நாள் முழுக்கப் பிசகாது. ஸ்கையில் 32,767-ஐத் தாண்டியதும், அதாவது 33 நொடிக்குள், எண் குறைக்குறிக்குப் போய் நேரக்கணக்கு குலையும். பலகையின் ரேம் 10 கிலோபைட், ஃபிளாஷ் 48 கிலோபைட் என்ற வரம்பும் ஸ்கைக்குக் கம்பைல் செய்யும்போதுதான் முகத்தில் அடிக்கும். 'கூஜாவில் சோதித்தோம்' என்று அறிக்கையில் எழுதினால் எதைச் சோதித்தார்கள் என்றே தெரியாது.

என் முன்மொழிவு: சிமுலேஷன் – ஒப்பியக்கம். எமுலேஷன் – பதிலியக்கம், சில்லுக்குப் பதிலாக இயங்குவதால். 'பாவனை' வேண்டாம், ஈழத்தவருக்கு அது பயன்பாடு.

> அப்படியானால் ஸ்கை மோட் போட்டால் முழுக்கப் பதிலியக்கம்தானே?

இல்லை. நிரல் மட்டுமே பதிலியக்கம். வானலை அப்போதும் ஒப்பியக்கம்தான். எண்ணூர் நெடுஞ்சாலையின் இருபுறமும் கணு வைத்து, நடுவில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு தடுமாறும், அறுந்தும் போகும். கூஜாவின் இயல்பான வட்ட மாதிரிக்கு அந்த இரும்புச் சுவர் தெரியாது. 50 மீட்டருக்குள் இருந்தால் தரவுப் பொதி போய்ச் சேர்ந்துவிடும்.

> பதிலியக்கம் ஏற்கிறேன். ஆனால் ஒப்பியக்கம் தாழ்ந்தது என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது.

நியாயம். ஸ்கை மோட் கூடக் கூட ஓட்டம் மந்தமாகும். நூறு கணு வைத்து வழித்தேர்வை ஆராய ஒப்பியக்கமே ஏற்றது. தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கும் விதையெண்ணை மாற்றி மாற்றிப் பலமுறை ஓட்ட வேண்டும், ஒரே ஓட்டத்தின் வரைபடத்தை நம்பக் கூடாது. சாலையில் அளந்த இழப்பை உள்ளிட, வட்ட மாதிரியை விட்டு, இணைப்புக்கு இணைப்பு வெற்றி விகிதம் தரும் டிஜிஆர்எம் ஊடகத்தைத் தேர்ந்தெடுக்கலாம். லாரி நிற்கும்போது ஓர் அளவு, சாலை காலியாக இருக்கும்போது ஓர் அளவு எடுத்துத் தனித்தனியே ஓட்டச் சொல்லுங்கள்.