அட்ஜுடிகேட்டருக்கு அதிகாரமில்லை என்பது தற்காப்பா, இழுத்தடிப்பா?

கிள்ளான்_சப்கான்: சிபா, அதாவது மலேசியாவின் 2012 கட்டுமானக் கட்டணச் சட்டம், எங்களைப் போன்ற சப்-கான்களுக்காக (துணை ஒப்பந்தக்காரர்களுக்காக) வந்தது. பணத் தகராறை அட்ஜுடிகேட்டர் என்ற தனி நடுவர் விசாரிப்பார். வாதங்கள் தாக்கலானதும் 45 வேலை நாளில் அவர் முடிவு. ஆனால் பணம் தராத மெயின்-கான் (முதன்மை ஒப்பந்தக்காரர்) செய்யும் முதல் வேலையே, அட்ஜுடிகேட்டருக்கு அதிகார வரம்பு இல்லை என்று கடிதம் போடுவதுதான். இந்த ஆட்சேபத்தையே தடை செய்யணும்.

பிஜே_வக்கீல்: அட்ஜுடிகேட்டர் நீதிபதி இல்லை சார். சட்டம் கொடுத்தது மட்டும்தான் அவர் அதிகாரம். தனி ஆள் ஒருவர், தான் குடியிருக்க நான்கு மாடிக்கும் குறைவாக வீடு கட்டினால் 3-ஆம் பிரிவு சிபாவையே விலக்கி வைக்கிறது. அவரை இழுத்து வந்தால் பேசாமல் பணம் கட்டணுமா? 2014 ஏப்ரல் 15-க்கு முந்திய ஒப்பந்தங்களுக்கும் சிபா கிடையாது. ஜேக்-இன் பைல் வழக்கில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் 2019-இல் சொன்னது இது.

கியூஎஸ்_ஈப்போ: ஆட்சேபம் வந்ததும் எல்லாம் நின்றுவிடாது. 27(3) பிரிவுப்படி அட்ஜுடிகேட்டர் விரும்பினால் தொடர்ந்து நடத்தி முடிக்கலாம்.

கிள்ளான்_சப்கான்: முடிப்பார், சரி. பிறகு 15-ஆம் பிரிவைக் காட்டி முடிவை ரத்து செய்யச் சொல்லி உயர் நீதிமன்றம் போவார்களே! அதுவரை என் ஆட்களுக்கு யார் சம்பளம் கொடுப்பது?

பிஜே_வக்கீல்: வியூ எஸ்டீம் வழக்கைப் பாருங்கள். பணம் கேட்டதற்குத் தந்த முதல் பதில் கடிதத்தில் இல்லை என்பதற்காக, பின்னால் வைத்த எதிர்வாதங்களை அட்ஜுடிகேட்டர் பார்க்கவே மறுத்தார். கூட்டரசு நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. தன் அதிகாரத்தை அவரே தவறாகக் குறுக்கிக்கொண்டால் கேட்க ஓர் இடம் வேண்டாமா?

கிள்ளான்_சப்கான்: அந்தத் தீர்ப்புதான் எங்களை அடிக்கிறது! முதலில் வாயே திறப்பதில்லை. அப்புறம் அட்ஜுடிகேட்டர் விசாரணையில் தரும் அட்ஜுடிகேஷன் பதிலில் மூட்டை மூட்டையாகக் குறைகளைக் கொட்டுகிறார்கள். மறுமொழி தர எங்களுக்கு ஐந்தே வேலை நாள்.

பிஜே_வக்கீல்: அது நியாயமான குறைதான். 25-ஆம் பிரிவில் அவகாசத்தை நீட்டிக்க அட்ஜுடிகேட்டருக்கு அதிகாரம் இருக்கிறது, உடனே எழுதிக் கேளுங்கள். எதிர்த்தரப்புக்கும் ஒன்று சொல்வேன்: பொத்தாம்பொதுவாக எதிர்க்காமல் எந்தப் பிரிவு, ஏன் என்று ஆரம்பத்திலேயே சொல்லணும்.

கிள்ளான்_சப்கான்: அப்போ 16-ஆம் பிரிவை ஒழுங்காகப் பயன்படுத்தட்டும். அட்ஜுடிகேட்டர் முடிவை நிறுத்திவைக்கக் கேட்டு வருபவர், அதில் சொன்ன தொகையைக் கட்டி வைக்கணும் என்று நீதிமன்றம் உத்தரவிடலாம். பணத்தை வைத்துவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடட்டும்.

பிஜே_வக்கீல்: மெயின்-கானிடம் அதைக் கேளுங்கள், நானும் ஆதரிக்கிறேன். தான் குடியிருக்க வீடு கட்டும் அந்த வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள்.