கொலேஜில் படிக்கும் மகன் வாயைத் திறப்பதில்லையா? இந்தப் படத்தைப் பாருங்கள்

பிரான்சுக்குப் புதிதாக வந்து, மகனைக் கொலேஜில் (சுமார் 11 முதல் 15 வயதுப் பிள்ளைகள் படிக்கும் நடுநிலைப் பள்ளி) சேர்த்த பெற்றோர் பலரும் சொல்வது ஒன்றுதான்: "பள்ளியில் என்ன நடக்குது என்று கேட்டால் கதவைச் சாத்திக்கொள்கிறான்." அவர்களுக்கு நான் 'லே போ கோஸ்' (Les Beaux Gosses) என்ற பிரெஞ்சுப் படத்தைத்தான் சொல்வேன். 2009இல் வந்தது. இயக்கியவர் ரியாத் சத்தூஃப், காமிக்ஸ் வரைபவர். அப்பா சிரியாக்காரர், அம்மா பிரெஞ்சு. சிறந்த முதல் படத்துக்கான செசார் விருதும் (பிரான்சின் திரைப்பட விருது) வாங்கியது.

முதலில் பிள்ளைகள் இல்லாத நேரத்தில் பாருங்கள். சுயஇன்பம், முத்தம், உடம்பைப் பற்றிய பேச்சு எதையும் படம் மறைக்காது.

கதாநாயகன் எர்வே பல்லில் கம்பி போட்ட பொடியன். அவனும் நண்பன் கமேலும் எந்நேரமும் பெண்பிள்ளைகளைப் பற்றியே பேசுவார்கள், கிட்டப் போனால் சொதப்புவார்கள். வகுப்பின் அழகியான ஒரோர் எர்வேயை விரும்பத் தொடங்கியதும், அடுத்து என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. எர்வேயாக நடித்த வின்சென்ட் லக்கோஸ்த்துக்கு இதுதான் முதல் படம். பார்த்தால் நடிப்பு என்றே தோன்றாது.

நாம் ஊன்றிப் பார்க்க வேண்டியது எர்வேயின் அம்மாவைத்தான். நோயெமி லவோவ்ஸ்கி நடித்திருக்கிறார். தனியாக மகனை வளர்ப்பவர், பாசக்காரி. ஆனால் மகனின் அந்தரங்கத்தையெல்லாம் முகத்துக்கு நேரே கேட்பார், கேலியும் செய்வார். பையன் கூசிப்போகிறான். நம் வீடுகளில் நேர்மாறு. இந்தப் பேச்சே எடுப்பதில்லை, எடுத்தால் திட்டுத்தான். இரண்டிலும் பையன் வாயை மூடிக்கொள்கிறான். அவன் சொல்லும்போது சிரிக்காமல், அதட்டாமல் கேட்டிருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இதைப் பற்றிப் பள்ளியிலும் பேசுவார்கள், பயப்படாதீர்கள்: ஆண்டுக்கு 3 பாலியல் கல்வி அமர்வுகள் வேண்டும் என்று 2001ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. வெட்கப்படும் பிள்ளை பள்ளித் தாதியிடமும் தனியாகப் பேசலாம்.

படத்தில் பையன்கள் பேசுவது பாடப்புத்தகப் பிரெஞ்சு இல்லை. புதிதாக வந்த பிள்ளைகளுக்கு உபேதெஆ (UPE2A) என்ற சிறப்பு வகுப்பில் மொழி சொல்லிக்கொடுப்பார்கள், ஆனால் மைதானத்தில் காதில் விழுவது வேறு. அசைகளைத் திருப்பிப் போடும் வெர்லான் பேச்சு புரியாமல் நிற்கும் பிள்ளையைச் சுற்றியிருப்பவர்கள் மக்கு என்று நினைத்துவிடுவார்கள். அந்தத் தனிமையை அவன் வீட்டில் சொல்ல மாட்டான். பிரெஞ்சு சப்டைட்டிலோடு பார்த்தால் உங்களுக்கும் கொஞ்சம் பிடிபடும்.

அப்புறம், ப்ரோனோத் (Pronote) விஷயம். பல பள்ளிகள் பெற்றோரோடு தொடர்புக்கு வைத்திருக்கும் இணையச் சேவை அது. மதிப்பெண், வராத நாள், ஆசிரியர் செய்தி எல்லாம் அதில்தான் வரும். பெற்றோருக்குத் தனிக் கணக்கு உண்டு. "நானே பார்த்துச் சொல்றேன் அம்மா" என்று மகன் வாங்கிக்கொண்டால் விட்டுவிடாதீர்கள், கடவுச்சொல் உங்கள் கையில் இருக்கட்டும். ஆசிரியர் சந்திப்பில் அவனையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன்னைப் பற்றிய குறையைத் தன் வாயாலேயே உங்களுக்குச் சொல்ல வைப்பது அந்த வயதுக்குப் பெரிய வாதை. பிரெஞ்சு தெரிந்த உறவினர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். மகன் யாரிடமாவது அடி, கேலி வாங்குகிறான் என்று தெரிந்தால் செபெஉ (CPE) என்ற பள்ளிப் பொறுப்பாளரிடம் நேரம் கேட்டுப் போய்ப் பேசுங்கள். வகுப்புக்கு வெளியே பிள்ளைகளைக் கவனிப்பது அவருடைய வேலை.