சிப் இருக்கிறது, சரி. உங்கள் புது போன் எண் பதிவில் இருக்கிறதா?

நாய், பூனையோடு புதிதாக வெளிநாட்டுக்குக் குடிவந்திருப்பவர்கள் முதல் வாரத்திலேயே முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு: அதன் தோலடியில் போட்ட மைக்ரோசிப்பின் பதிவில் உங்கள் புது போன் எண்ணைச் சேர்ப்பது. வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு என்று ஓடுகிற ஓட்டத்தில் அது விட்டுப்போகும். எங்களுக்கும் விட்டுப்போனது. வந்த இரண்டாம் மாதம் பூனை பால்கனி வழியாகப் போய்விட்டது. யாரோ நல்ல மனிதர் எடுத்துக் காப்பகத்தில் சேர்த்திருக்கிறார். அங்கே சிப்பை ஸ்கேன் செய்தும் எங்களை அழைக்க முடியவில்லை. பதிவில் இருந்தது, கிளம்பும்போது நாங்கள் ரத்து செய்த பழைய எண். காப்பகம் காப்பகமாக அலைந்து ஆறாம் நாள்தான் அவளைக் கண்டோம். அந்த ஆறு நாள் உங்களில் யாருக்கும் வரக்கூடாது.

பலர் சிப் என்றால் ஜிபிஎஸ் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. சுமார் 12 மில்லிமீட்டர் நீளத்தில், அரிசி மணி போன்ற கண்ணாடிக் குப்பிதான் அது. உள்ளே பேட்டரி கிடையாது. ஸ்கேனரை அருகில் கொண்டுவந்தால் மட்டும் அதிலிருந்து சக்தி பெற்று ஓர் எண்ணைச் சொல்லும். அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் சால்மன் மீன் குஞ்சுகளின் பயணத்தை அறிய அவற்றுக்குப் போடுவதும் இதே வகைச் சிப்தான். அணையில் பொருத்திய ஆன்டெனாவைக் கடக்கும்போதுதான் அந்த மீனும் பதிவாகும். உங்கள் பெயரோ முகவரியோ சிப்பில் இல்லை. அவை ஏதோ ஒரு பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே இருக்கின்றன. அங்கே நீங்கள் மாற்றாவிட்டால் யாரும் மாற்றப்போவதில்லை.

அமெரிக்கக் காப்பகங்களில் செய்து 2009இல் வெளியான ஆய்வு ஒன்றில், தெருவிலிருந்து வந்த பூனைகளில் 1.8 சதவீதம்தான் வீடு திரும்பின. சிப் இருந்த பூனைகளில் அது 38.5 சதவீதம். எவ்வளவு பெரிய வித்தியாசம் பாருங்கள்! சிப் இருந்தும் உரிமையாளர் கிடைக்காமல் போனதற்கு முக்கியக் காரணம், தவறான அல்லது துண்டிக்கப்பட்ட போன் எண்.

அதனால் பழைய பதிவில் எண்ணை மாற்றுங்கள். அதோடு நிற்காமல், வந்த நாட்டின் பதிவேட்டிலும் அதே சிப் எண்ணைச் சேருங்கள். எந்தப் பதிவேடு என்று பக்கத்துக் கால்நடை மருத்துவரிடம் கேட்டால் சொல்வார். இங்கிலாந்தில் இது சட்டமே: நாய்களுக்கு 2016 ஏப்ரல் முதல், பூனைகளுக்கு 2024 ஜூன் முதல் சிப் கட்டாயம். விவரம் பழையதாக இருந்து, நோட்டீஸ் வந்தும் திருத்தாவிட்டால் 500 பவுண்டு வரை அபராதம்.

இன்னும் கிளம்பாதவர்கள் வரிசையைக் கவனியுங்கள். முதலில் சிப், அப்புறம்தான் ரேபிஸ் தடுப்பூசி. மாற்றிச் செய்தால் ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த ஊசி செல்லாது. மறுபடி போட வேண்டும். இந்தியாவிலிருந்து அங்கே போவதென்றால், ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை, ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதக் காத்திருப்பு. ஆக, டிக்கெட் எடுக்கும் முன்பே தொடங்கிவிடுங்கள்.

சிப் ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரத்தில், 15 இலக்க எண்ணோடு இருக்கட்டும். அது 134.2 கிலோஹெர்ட்ஸ் ரேடியோ அலைவரிசையில் ஸ்கேனரோடு பேசும். அமெரிக்காவில் முன்பு போட்ட 125 கிலோஹெர்ட்ஸ் சிப்புகளை எல்லா ஸ்கேனரும் படிக்காது.

ஒவ்வொரு முறை மருத்துவரிடம் போகும்போதும் ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லுங்கள். தோள்பட்டைகளுக்கு நடுவே போட்ட சிப் சில சமயம் தோலடியில் நகர்ந்து முன்னங்கால் பக்கம் போயிருக்கும்.